பக்கத்து சீட்டு பிரேக்

— இருபத்தொண்ணு பத்தாதுடா தம்பி. இருபத்தஞ்சுன்னு மாத்தி எழுது.

— அக்கா, நீ முதல்ல ரோட்டைப் பாரு. நாளைக்கு அரசாங்கக் கமிட்டி முன்னாடி போய் இருபத்தஞ்சுன்னு சொன்னா சிரிப்பாங்க. வண்டி ஓட்டுற வயசைப் பதினெட்டுலேர்ந்து இருபத்தொண்ணாக்குங்கன்னு கேட்டா, காது கொடுத்துக் கேப்பாங்க. கிளட்சை மெதுவா விடு. இன்னும் மெதுவா.

— சிரிக்கட்டும். சிரிக்கிறவன் வந்து எங்க வீட்டுல ஒரு நாள் இருந்து பாக்கட்டும். நாலு மாசமா உன் மச்சான் கட்டிலோட கட்டிலா கிடக்கிறாரு. கம்பத்துல ஏறி கரண்ட் வேலை பார்த்த மனுஷன், பாத்ரூம் போகணும்னா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஏன்டா, நான் இந்த அம்பத்திரண்டு வயசுல ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேனே, ஆசைக்கா?

— தெரியும்கா. வாரத்துக்கு ரெண்டு தடவை அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும், வேற ஆள் இல்லை. எனக்குத் தெரியாதா? அதனாலதானே அந்தக் கமிட்டி லெட்டரை மூணு தடவை அடிச்சுத் திருத்தி எழுதிக் கொடுத்திருக்கேன். நீ நின்னு வரிக்கு வரி படிச்சாப் போதும். இண்டிகேட்டர் போடு, வலது பக்கம்.

— போட்டாச்சு.

— அது வைப்பர்.

— சரி, இப்போ போட்டாச்சு.

— கேட்டுக்கோ. என் டிரைவிங் ஸ்கூல்ல இருபது வருஷமா எத்தனை பசங்களைப் பார்த்திருக்கேன். பதினெட்டு வயசுல மீசை வந்திருக்கும், பயம் வந்திருக்காது. அவன் கையில சாவியைக் கொடுக்கிற சட்டத்தை முதல்ல உதைக்கணும்.

— பயமா? உன் மச்சானை இடிச்ச அந்தப் பயலுக்குத் திமிர்டா. லைசென்ஸ் வாங்கி மூணே வாரம். ஜீப்ரா கோட்டுல ஒழுங்கா நடந்து போன மனுஷனைத் தூக்கி எறிஞ்சிட்டு, போலீஸ் கேட்டதுக்கு என்ன சொன்னான்? 'வண்டி நிக்கும்னு நினைச்சேன்.' நினைச்சானாம். அது என்ன அவங்க வீட்டு மாடா, கூப்பிடாமலே நிக்கிறதுக்கு?

— அந்த ஒரு வரி போதும்கா கமிட்டிக்கு. மூணாவது பாராவுல போட்டிருக்கேன். ரோட்டுல டயர் தேஞ்ச தடம் கூட இல்லை. பிரேக்கைத் தொடவே இல்லை அவன்.

— என் கையில மட்டும் அவன் கிடைச்சான்னு வையி, நான்...

— நேரா பாரு. அக்கா, நேரா பாரு.

— என்னடா ஆச்சு? வண்டி ஏன் நின்னுச்சு?

— அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட குறுக்க வந்துச்சு. நீ பாக்கலை.

— பார்த்தேன். அந்த முனையிலேர்ந்தே பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன். பிரேக் போடணும்னு நினைச்சேன், அதுக்குள்ள என் காலுக்குக் கீழ பிரேக் தானா இறங்கிடுச்சு.

— தானா எங்க இறங்கும். நான் போட்டேன். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்ல, அதை மிதிச்சா உன்னோடதும் இறங்கும். அதுக்குத்தானே பக்கத்து சீட்டுல நான். ஸ்டார்ட் பண்ணு. முதல் கியர்.

— இன்னிக்கு எத்தனாவது நாள்டா எனக்கு?

— பன்னெண்டு.

— பன்னெண்டு நாள்ல நான் எத்தனை தடவை பிரேக் போட்டிருப்பேன்?

— இதையெல்லாம் யாரு கணக்கு வச்சுக்கிட்டு இருப்பா? ஓரமா நிறுத்துறப்போ போடுறல்ல.

— அது இருக்கட்டும். யாராவது குறுக்க வந்தப்போ?

— பின்னாடி ஹாரன் அடிக்கிறான் பாரு. வண்டியை எடு.

— எடுத்துட்டேன். நீ பதில் சொல்லு. நேத்து அந்த நாய் ஓடுச்சு, நீ போட்ட. முந்தாநாள் சைக்கிள்காரன், நீ போட்ட. லாரி ரிவர்ஸ் வந்தப்போ, அதுவும் நீ. நான் ஒரு தடவை கூடப் போடலைடா.

— போடாத. யாரு உன்னைப் போடச் சொன்னா? அதுதான்கா என் ஸ்கூலோட பேரே. இருபது வருஷம் ஆச்சு, இந்த ஸ்கூல் வண்டியில ஒரு கீறல் காட்டு பார்ப்போம். மத்தவன் ஸ்கூல் வண்டியெல்லாம் நசுங்கின டப்பா மாதிரி நிக்கும். என்கிட்ட வந்தவங்க எல்லாரும் முதல் தடவையே பாஸ்.

— நானும்தான்டா புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு மெஷின் பழக்குறேன். பதினாறு வருஷமா அந்தத் தையல் யூனிட்ல அதானே எனக்கு வேலை. துணி சுருங்கும், நூல் அறும், ஒருத்திக்கு ஊசியே விரல்ல ஏறும். அதுக்காக அவ பெடலை நான் மிதிச்சதில்லை. மிதிச்சா அவ எப்போ பழகுறது?

— துணியும் காரும் ஒண்ணாக்கா? இங்க தப்பு நடந்தா உயிர் போயிடும். சும்மா எதையோ எதோடவோ முடிச்சுப் போடாத. அவன் கேஸே வேற. கண்ணாடியைப் பாக்கவே மாட்டான். கியர் மாத்துறதுக்கு ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு குனிஞ்சு பார்ப்பான். ஏறி உக்காந்ததுமே பாட்டுப் போடவான்னு கேப்பான்.

— யாரு கேப்பான்?

— பொதுவா சொன்னேன். அந்த வயசுப் பசங்க.

— பசங்கன்னு சொல்லலை. அவன்னு சொன்ன. அவன் குனிஞ்சு பார்ப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— அக்கா, நடு ரோட்டுல என்ன இது. அந்தக் கடை தாண்டி ஓரமா நிறுத்து, பேசுவோம்.

— நிறுத்துறேன். இந்தத் தடவை நீ காலை எடு. நானே நிறுத்துறேன்.

— சரி.

— நின்னுடுச்சா? இப்போ சொல்லு. அந்தப் பையன் உன்கிட்டதான் கத்துக்கிட்டானா?

— ஆமா.

— நாலு மாசம். நாலு மாசமா வீட்டுக்கு வர்ற, பழம் வாங்கிட்டு வர்ற, உன் மச்சான் காலை நீவி விடுற. 'அந்தப் பயலைச் சும்மா விடக்கூடாது மச்சான்'னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுத. அன்னிக்கே தெரியுமா உனக்கு?

— பேப்பர்ல போட்டோ பார்த்த அன்னிக்கே தெரியும்.

— இரு. அந்த லெட்டரை எடுக்கிறேன். பையன் பிறந்த தேதி இருக்கு. அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறாருன்னு இருக்கு. காரோட கலர் கூட இருக்கு. எங்க ஓட்டக் கத்துக்கிட்டான்னு மட்டும் இல்லை. மூணு தடவை அடிச்சுத் திருத்தினேன்னு சொன்னியே, இதைத்தான் அடிச்சியா?

— சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? என்னமோ நானே ஓட்டிட்டுப் போய் இடிச்ச மாதிரி பாக்குற. பள்ளிக்கூடத்துல படிச்சவன் பின்னாடி திருடனாப் போனா வாத்தியாரையா பிடிச்சு உள்ள வைப்பாங்க?

— பரீட்சையை வாத்தியாரே எழுதிக் கொடுத்திருந்தா, வைக்கத்தான்டா வேணும்.

— அக்கா.

— டெஸ்ட் அன்னிக்கு அவன் பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?

— நான்தான். அது ரூல். ஸ்கூல் வண்டியில டெஸ்ட்னா இன்ஸ்ட்ரக்டர் முன்னாடி, ஆபீசர் பின் சீட்டு.

— யாராவது குறுக்க வந்தாங்களா?

— ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல திடீர்னு குறுக்க வந்துச்சு. வண்டி நின்னுச்சு. ஆபீசர் வெரி குட்னு சொல்லி எழுதிக்கிட்டாரு.

— யாரு நிறுத்தினது?

— பின் சீட்டுலேர்ந்து பார்த்தா என் கால் தெரியாது.

— நான் அதைக் கேக்கலை.

— எனக்குத் தெரியலைக்கா. சத்தியமா தெரியலை. கால் என்னைக் கேட்டுட்டாப் போகுது? ஆரம்பத்துல ஒருத்தன் கொண்டுபோய் காம்பவுண்டு சுவர்ல விட்டான். அன்னிலேர்ந்து என் கால் அந்தப் பெடல் மேலயேதான் இருக்கு. பஸ்ஸுல போறப்போ கூட மிதிக்கும். என் பொண்டாட்டி பார்த்துச் சிரிப்பா.

— அப்போ அந்தப் பையன் ஏன் போலீஸ்கிட்ட இதைச் சொல்லலை?

— அவனுக்கே தெரியாதுக்கா. அவன் காலும் பிரேக் மேலதானே இருக்கும். நான் மிதிக்கிறப்போ அவனோடதும் இறங்கும். தானே மிதிச்சதா நினைச்சுக்குவான். என்கிட்ட கத்துக்கிட்ட இருபத்திரண்டு நாளும் அப்படித்தான் நினைச்சான். சந்தோஷமா என்னைத் திரும்பிப் பார்ப்பான்.

— வண்டி நிக்கும்னு நினைச்சேன்னு சொன்னானே.

— ஆமா.

— நான் அவனைத் திமிர் பிடிச்சவன்னு சொன்னேன். ஊரே சொல்லுச்சு. அவன் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கான்டா. அவன் அம்மா வந்து எங்க வாசல்ல நின்னா, நான் கதவைச் சாத்தினேன். எல்லாத்தையும் நீ ஓரமா உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்த. நாப்பத்தேழு வயசு ஆம்பளை, ஒரு சின்னப் பையன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்க. வெக்கமா இல்லை?

— இருக்கு. இல்லாமயா இருக்கும்? ஆனா என்ன பண்ணச் சொல்ற? வெளிய தெரிஞ்சா ஸ்கூலை இழுத்து மூடிடுவாங்க. பொண்ணு காலேஜ்ல படிக்கிறா. இதை விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது.

— காலைத் தூக்கி சீட்டு மேல வை.

— என்னது?

— ரெண்டு காலையும் மடக்கி, சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காரு. நான் வீடு வரைக்கும் ஓட்டப் போறேன்.

— விளையாடாதக்கா. முன்னாடி பெரிய சிக்னல் இருக்கு.

— நான் விளையாடுற மூஞ்சியா? மடக்குடா.

— மடக்கிட்டேன். மெதுவா. ரெண்டாவது கியரே போதும். பஸ் நிக்குது பாரு, அதுக்கு முன்னாடியிருந்து ஆள் குறுக்க வரும். அக்கா, அக்கா.

— நின்னுடுச்சு.

— ம்.

— உன் கால் எங்க இருக்கு? கீழ பாரு.

— எப்போ இறங்குச்சுன்னே தெரியலைக்கா.

— இப்போ யாரு போட்டது, நீயா, நானா?

— தெரியலை.

— உனக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. இப்படித்தானே இருபது வருஷமா அத்தனை பேரையும் ரோட்டுக்கு அனுப்பியிருக்க. அவங்க எல்லாரும் எங்கடா இப்போ? இந்த சிக்னல்ல எத்தனை பேர் நிக்கிறாங்க?

— அக்கா, கையெடுத்துக் கும்பிடுறேன். இனிமே காலை வைக்க மாட்டேன், பெடலையே கழட்டிப் போட்டுடுறேன். ஆனா நாளைக்கு அந்த லெட்டரைப் படிச்சிடு. இருபத்தொண்ணுன்னு கேக்கிறது தப்பில்லையே. நாலு பேருக்கு நல்லதுதானே?

— எனக்கு அம்பத்திரண்டு. இருபத்தொண்ணுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல தாண்டியாச்சு. உன்கிட்ட கத்துக்கிட்டு எனக்கே பிரேக் போடத் தெரியலை.

— அப்போ நாளைக்குப் போகப் போறதில்லையா?

— போவேன். பத்து மணிக்கு டாண்ணு போய் நிப்பேன். நீயும் வர்ற, என் பக்கத்துலயே உக்கார்ற. முதல்ல என்ன கேப்பாங்கன்னு சொன்ன?

— பேரு, விலாசம். அப்புறம் மச்சானை இடிச்சவனுக்கு என்ன வயசுன்னு கேப்பாங்க.

— நாப்பத்தேழுன்னு சொல்லப் போறேன்.