வெள்ளை மயிலின் குஞ்சுகள்

ஒல்லாந்தர் பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த நாளில், ஏரித் தோணியில் நான் கேட்ட பேச்சு இது. எதிரே காட்டூர்க்காரி ஒருத்தி மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கோட்டைத் துரையின் சமையற்காரர்.

“வெள்ளைக் குஞ்சு வேணும்னு துரை கொடுத்த வெள்ளை மயிலை எங்கூட்டு நாட்டுப் பெட்டை மயிலோட சேர்த்தேன். நாலு குஞ்சும் பழுப்பா நிக்குது,” என்றாள் அவள்.

“வெள்ளைக் குஞ்சை நீ வித்துட்டு மாத்திக் கொடுத்துட்டன்னுதான் துரை சொல்வாரும்மா. கட்டி வெச்சி அடிப்பாரு,” என்றார் சமையற்காரர்.

அவள் கூடையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து இறக்கையை விரித்தாள். “இங்க பாருங்கண்ணா, ரெண்டு வெள்ளை இறகு. அப்பன் நிறம் உள்ள ஒளிஞ்சிருக்குது. இதுங்களைச் சோடி சேர்த்தா பேரன் பேத்தியில வெள்ளை வரும். எங்க கோழியில அப்படித்தான் வந்துச்சு.”

“இத துரைக்கு எப்படிப் புரிய வைக்கிறது?”

“அவரு கட்டிக்கினது நம்மூர்ப் பொண்ணுதானே? புள்ளைங்க இன்னா நிறம்?”

சமையற்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். “மூணும் ஆத்தா நிறம்.”

“புள்ளையை மாத்திட்டாள்னு மருத்துவச்சியை அடிச்சாரா?”

தோணியில் இருந்தவர்கள் அவசரமாகத் தண்ணீரைப் பார்த்தார்கள்.

“இத நான் சொன்னா தோலை உரிச்சிடுவாரு.”

“நீங்க சொல்ல வேணாம். கூடையை துரையம்மாகிட்ட கொடுங்க.”

அடுத்த வாரம் அதே தோணியில், அதே குஞ்சுகளோடு அவள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். தோணிக்காரர் விசாரித்தார்.

“வெள்ளைப் பேரக்குஞ்சு வர்ற வரைக்கும் இதுங்களை நீயே வளர்க்கணும்னு துரை கொடுத்தனுப்பிட்டாரு. துரையம்மா ஒரு வார்த்தை பேசலையாம். புள்ளைங்க மூணையும் கூட்டியாந்து கூடை பக்கத்துல நிக்க வெச்சாங்களாம்.”