சாமைப் பாக்கெட்டில் சாமி படம்

"நம்ம சாமியத் திருடிட்டான் மாமா, வுடக்கூடாது" என்றாள் முன்சீட்டுப் பெண். ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் பேருந்து அது. அவள் கணவர் மடியில் இரண்டு சாமைப் பாக்கெட்டுகள் இருந்தன. ஒன்று அவர்களுடையது, மற்றது பங்காளியுடையது. இரண்டிலும் ஒரே குலதெய்வத்தின் பெயர், ஒரே படம்.

"சாமி அவனுக்கும் சாமிதானே?" என்றார் கணவர்.

"கும்புடட்டும், யாரு வேணான்னா? கல்லு கலந்து விக்கிறான். கடைக்காரரு நம்ம பாக்கெட்டயும் சேத்துத் திருப்பிட்டாரு. இப்டியே போனா மொத்தச் சாமையும் நாமளேதான் துன்னணும்."

"போலீஸுல இன்னான்னு சொல்றது? டிரேட்மார்க்கா, காப்பிரைட்டா?"

"ரெண்டையும் சொல்லு. எது புடிக்குதோ புடிக்கட்டும்."

அவர் தங்கள் பாக்கெட்டின் மூலையைக் காட்டினார். வட்டத்துக்குள் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து. "இது நம்மளதுல மட்டுந்தான் இருக்குது. பதிஞ்ச பேருன்னு அர்த்தமாம்."

"எங்க பதிஞ்சோம்?"

"பாக்கெட்டு அச்சடிச்ச பிரஸ்ஸுலதான். பிரஸ்காரரே சும்மா போட்டுக் குடுத்தாரு."

அரசிடம் பதியாத பெயருக்கு அந்த எழுத்தைப் போடுவதே சட்டப்படி தவறு. சட்டம் அதற்கு அபராதமும் வைத்திருக்கிறது.

பேருந்து நின்றது. "உள்ள போனதும் மொதல்ல அந்த எழுத்தக் காட்டு மாமா" என்று சொல்லிக்கொண்டே, அவள் அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.