டிரேயின் மறுபாதி

மேலே தூவுகிற ரொட்டித்தூள் மொறுமொறுவென்று வரவேண்டுமானால், முதலில் மீனின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் இதை மறந்துவிட்டு ஓவனைக் குறை சொல்கிறார்கள். முள்ளில்லாத வெள்ளை மீன் துண்டுதான் இதற்குச் சரி. காய்ந்த ரொட்டியைக் கையால் உதிர்த்து, வெண்ணெயில் பூண்டோடு ஒரு புரட்டுப் புரட்டி, மீனின் மேல் லேசாக அமுக்கிவிடவேண்டும். வெந்து வரும்போது மேலே பொன்னிறமாக இருக்கும். கரண்டி பட்டால் சத்தம் கேட்கும். அடியில் மீன் வாயில் வைத்ததும் கரையும்.

நீங்கள் அந்த டிரேயைப் பற்றிக் கேட்டதால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன், மேடம். அக்காவின் கன்னத்தில் இருந்த தடங்களைப் பற்றியும் கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன். இடையில் நிறுத்தாமல் விட்டால் எனக்கு வரிசையாகச் சொல்ல வரும்.

அக்காவுக்குத் தையல் கடை. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். துணி வெட்டுவது அவள், தைப்பது அவள், வாடிக்கைக்காரர்களைத் திட்டுவதும் அவள். நான் பொத்தான் தைப்பேன், ஓரம் அடிப்பேன், சமைப்பேன். அவள் கல்யாணமாகிப் போன வீட்டுக்கு நானும் பின்னாலேயே போனவள். அத்தான் நல்ல மனிதர், முகம் சுளித்ததில்லை. அவர் காலமாகி, அக்கா மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு நாங்கள் இருவர்தான். அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஒட்டுப்புல் என்பாள். "எவ்வளவு உதறினாலும் போகாது, என் ஓரத்தோட சேர்த்துத் தச்சு அனுப்பிட்டாங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவளுக்கு என்மேல் பிரியம் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் இல்லாவிட்டாலும் அவளுக்கு எதுவும் நின்றுபோகாது, அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில், வெட்டிக்கொண்டிருந்த மேசைமேலேயே அவள் சாய்ந்துவிட்டாள். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. பக்கவாதம் என்றார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்குவதும் போய்விட்டது. விழுங்குவது ஒரு வேலை என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

அதைப் பழக்குவதற்கென்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். சின்னப் பெண், கெட்டிக்காரி. குழைவாகவும் ஈரமாகவும் உள்ளதைத்தான் கொடுக்கலாம் என்றாள். "உதிர்ற சாமான் எதுவும் கூடாதும்மா. ரஸ்க், பிஸ்கட், ரொட்டித்தூள், எதுவுமே. தொண்டையில இறங்காம மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இருமல் வந்தா நல்லது, சில சமயம் அதுகூட வராது. காய்ச்சல் வந்து நுரையீரல்ல சளி கட்டினப்புறம்தான் நமக்கே தெரியும்." நான் ஒவ்வொன்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டேன்.

அதனால்தான் டிரேயை இரண்டாகப் பிரித்தேன். இடது பாதியில் வெறும் மீன், மேலே வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் மட்டும். அது அக்காவுக்கு. வலது பாதியில் ரொட்டித்தூள் போட்டது. அது எனக்கு. "சித்தி, அம்மாவோட பாதியில தூள் ஏதும் விழுந்துடலையே?" என்று அக்கா மகள் போனில் கேட்பாள். நடுவில் தாளை மடித்துச் சுவர் மாதிரி வைத்திருக்கிறேன் என்பேன். உண்மையாகவே வைத்திருந்தேன்.

அந்த மாதங்களைப் போல நான் என்றைக்கும் சந்தோஷமாக இருந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் சமையலறையில் இருக்கும்போது அவள் கண் கதவிலேயே இருக்கும். கரண்டியை எடுத்தால் வாய் தானாகத் திறக்கும். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் என் முகத்தைப் பார்ப்பாள். அதற்கு முன்னால் அவள் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எப்போதும் கண் துணியில்தான் இருக்கும்.

முதல் தடவை நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. தண்ணீர் எடுக்க நான் திரும்பிய நேரத்தில், அவளே இடது கையை நீட்டி என் தட்டிலிருந்து மொறுமொறுப்பைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு செத்துக் கிடந்தவளுக்கு ஆசையாக இருந்திருக்கும், பாவம். காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வாரம்தான் அக்கா மகள் அவளைத் தன்னோடு அழைத்துப் போவதாக இருந்தாள். மறுபடி கூழிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், பயணமெல்லாம் இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு அழைத்துவந்து அவள் தலையணையைச் சரிசெய்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அது வருத்தம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இரண்டாவது தடவை நான்தான் கொடுத்தேன். "அக்கா ரொம்ப நல்லா விழுங்கறாங்கம்மா, அடுத்த தடவை வரும்போது சாதாரணச் சாப்பாடே கொடுத்துப் பார்த்துடலாம்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போன மறுநாள். ஒரு சிட்டிகைதான், மீனுக்குள் பொதித்து. அக்கா நம்பி வாங்கிக்கொண்டாள். இருமலே வரவில்லை, குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆயிற்று. பிறகு காய்ச்சல். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்கா மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க இல்லன்னா அம்மாவை யாரு சித்தி பார்த்துக்குவாங்க" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவள் சொன்னதில் தப்பில்லையே.

நானும் கூடவே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அக்கா மகள் கூப்பிடாமல் இல்லை. ஜன்னலோரம் இரண்டு கட்டில் போட்ட அறையைப் போனிலேயே காட்டினாள். வஞ்சகம் இல்லாத பெண். ஆனால் அங்கே மகள் இருப்பாள், மருமகன் இருப்பார், பேரப் பிள்ளைகள் இருப்பார்கள். கரண்டி பிடிக்க அங்கே ஆளுக்கா பஞ்சம். அங்கே போனால் நான் மறுபடியும் ஒட்டுப்புல்தான்.

காய்ச்சல் வந்து வந்து போனாலும் அக்கா தேறிக்கொண்டேதான் இருந்தாள். அப்படிப்பட்ட உடம்பு, அப்படிப்பட்ட பிடிவாதம். பேச்சும் துண்டு துண்டாகத் திரும்பியது. ஒருநாள் மதியம் நான் ஊட்டிக்கொண்டிருக்கும்போது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கொடு... நானே சாப்பிடறேன்" என்றாள். கரண்டி ஆடியது. பாதி மேலே சிந்தியது, பாதி வாய்க்குப் போயிற்று. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீயும்... உக்காந்து... சூடா சாப்பிடுடி. எப்பப் பாரு... ஆறினதையே திங்கற" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் டிரேயின் நடுவில் தாள் வைக்கவில்லை. ரொட்டித்தூளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தூவினேன். அன்று சாயங்காலம் அக்காவை அழைத்துப்போக அக்கா மகள் காரோடு வருவதாக இருந்தாள். நான் எதிர்பார்த்தது காய்ச்சலை மட்டும்தான், மேடம். அதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா தட்டைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த டிரேயைப் பார்த்தாள். துணியைக் கண்ணாலேயே அளந்து பழகியவள், அவளுக்கு ஒரு பார்வை போதும். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் பொத்தானை இடம் மாற்றித் தைத்துவிட்டால் கடையில் ஒரு பார்வை பார்ப்பாள், அதே பார்வை. "வேணாம்டி" என்றாள். படுத்த பிறகு அவள் இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விழுங்கப் பழக்கிய அந்த ஆஸ்பத்திரிப் பெண் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

பிறகு அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கன்னத்துத் தடங்கள் அப்போது வந்தவைதான். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மற்ற விரல்கள். சின்ன வயதில் எனக்குக் கசப்பு மருந்து கொடுக்கும்போது அவளும் அப்படித்தான் பிடிப்பாள், கொடுத்து முடித்ததும் பிடித்த இடத்தில் முத்தம் வைப்பாள். நானும் வைத்தேன். கரண்டியைத் தட்டிவிடாமல் இருக்க அவள் இடது கையை என் முழங்கைக்கு அடியில் அணைத்துக்கொண்டேன். தட்டு காலியாகும்வரை ஊட்டினேன். அவள் உதட்டின் நிறம் மாறுவதைப் பார்த்தேன். இருமிவிடுவாள் என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். இருமல் வரவில்லை. வராமலும் இருக்கும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள்.

அக்கா மகள் உள்ளே வந்தபோது நான் அக்காவின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓடிப்போய் அம்மாவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு டிரேயைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. "அம்மாவோட பாதி எங்க சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம், அக்காவைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். அக்கா மகளிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாளாம், அதனால் நீங்கள்தான் சொல்லவேண்டும். அவள் அம்மா பசியோடு போகவில்லை. வயிறு நிறைய, என் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.