டையைத் திருப்பிக் கேட்டவர்கள்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பேருந்தில், மூவர் இருக்கையில் என் பக்கத்தில் ஒரே தொழிற்சாலைச் சீருடையில் இருவர். இளையவர் சொன்னார்:

“நம்மள நம்புறானாம்ணா. நம்ம நாட்டைத்தான் நம்பலையாம்.”

“யார்றா முனிராஜு?”

“வெளிநாட்டு கஸ்டமர். அவனோட டையைத் திருப்பிக் கேட்டுட்டான். நாளைக்கு நானே பேக் பண்ணணும்.”

டை என்பது உதிரிபாகத்தை அடித்தெடுக்கும் இரும்பு அச்சு, வாங்குபவரின் சொத்து.

“நீயும் அந்தப் பொட்டிக்குள்ள ஏறிக்க. வெளிநாட்டைப் பாத்துட்டு வந்துரலாம்.”

முனிராஜு சிரிக்கவில்லை. “டை போச்சுன்னா என் பிரஸ்ஸு மெஷினு நின்னுரும்ணா. நான் காண்ட்ராக்டு. மொதல்ல என்னைத்தான் அனுப்புவாங்க.”

“குவாலிட்டில கொறை சொன்னானா?”

“ஒண்ணுமில்ல. மூணு வருசம் முந்தி அவங்க நாட்டோட சண்டைன்னு நம்ம அரசாங்கம் அங்க சரக்கு அனுப்புறதை நிறுத்துச்சுல்ல?”

“நாலே மாசத்துல தொறந்து வுட்டாங்களேடா!”

“அந்த நாலு மாசம் அவன் கம்பெனி ஓடலயே. நாளைக்கு மறுபடி நிறுத்த மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்னு கேக்குறான்.” பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “கையெழுத்துப் போட்டு வாங்குன ஆர்டரையாவது வுட்டிருக்கலாம்ணா. அதையும் நிறுத்தச் சொன்னது எவன்?”

சொன்னவன் நான்தான். அப்போது டில்லியில் வர்த்தகத் துறை அதிகாரியாக இருந்தேன். பழைய ஒப்பந்தங்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்று எனக்குக் கீழிருந்தவர் எழுதிய வரியை அடித்துவிட்டு, கண்டிப்பு காட்டினால்தான் நம்மை மதிப்பார்கள் என்று ஓரத்தில் எழுதினேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. உத்தனப்பள்ளியில் முனிராஜு இறங்குவதற்காக எழுந்து வழிவிட்டேன்.

“பெரியவரே, நீங்க எதுக்கு எந்திரிச்சுக்கிட்டு,” என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் போனார்.