இரண்டு பேருக்குப் போதுமான புகையடுப்பு

கறியைக் கரிப்புகையில் வேகவைக்க, இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டுக்குச் சிறிய புகையடுப்பே போதும். பெரியதை வாங்குபவர் தமக்காக வாங்குவதில்லை. வரப்போகும் கூட்டத்தை நினைத்து வாங்குகிறார். பெரியது கரியைத் தின்னும். ஒருமுறை மூடியைத் திறந்தால் இழந்த சூட்டை மீட்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். பற்றவைத்த பின் அதை இடம் மாற்றவும் முடியாது. சிறியதையோ, கனல் உள்ளே இருக்கும்போதே ஒருவர் தனியாகத் தூக்கிவிடலாம். கடையில் நான் உறுதிசெய்துகொண்டது அது ஒன்றைத்தான்.

"வீட்ல எத்தனை பேர் சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

இரண்டு பேர் என்றேன். அவர் இதை உங்கள் காவல் நிலையத்தில் சொல்லியிருப்பதாக அறிகிறேன், ஷெரிப். அவர் பொய் சொல்லவில்லை. அன்று எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

மூன்றாமவன் என் தம்பி ராய்ஸ். மணவிலக்கான பின், வேறு இடம் கிடைக்கும்வரை என்று சொல்லி, வசந்தத்தில் எங்கள் வீட்டின் பின்புறக் கண்ணாடி அறைக்குக் குடிவந்தான். இலையுதிர்ந்த பிறகும் அங்கேயே இருந்தான். ஞாயிறுதோறும் நண்பர்களை அழைத்துத் தன் பழைய இரும்புப் பீப்பாயில் மாட்டின் நெஞ்சுக்கறியைப் புகையில் வேகவைத்துப் போடுவான். பீப்பாயின் அடித்தகடு துருவேறி உதிர்ந்தபோதுதான் புதிய அடுப்பைப் பற்றிய பேச்சு எழுந்தது.

"பெருசாவே வாங்கிடு, ஹார்லன்," என்றாள் என் மனைவி நேடின். "இப்பதான் நம்ம வீட்டுக்கு நாலு மனுசங்க வர்றாங்க."

நான் சிறியதை வாங்கி வந்தேன். ராய்ஸ் அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தான்.

"இது அடுப்பாண்ணே, இல்ல காபி குடிக்கிற டம்ளரா? கோழி உள்ள படுத்தா காலை வெளியதான் நீட்டணும்."

நேடின் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் மணவாழ்வில் நான் கேட்டிராத சிரிப்பு அது. குறையாகச் சொல்லவில்லை. காரணம் கேட்டீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

நீங்களும் டெக்சாஸ்காரர், ஆகவே கறியைச் சுற்றுவது பற்றி விளக்க வேண்டியதில்லை. பாதி வெந்ததும் கறி வியர்க்கும், சூடு ஏறாமல் அடம்பிடிக்கும். அப்போது அதைச் சுற்றிவைக்க வேண்டும். ராய்ஸ் அலுமினியத் தாளில் சுற்றுவான். அதில் கறி தன் வியர்வையிலேயே அவிந்து, மேல்தோல் கூழாகிவிடும். நான் கசாப்புக்கடைப் பழுப்புத்தாளில் சுற்றுபவன்.

"அண்ணன் கறிக்குக் கோட்டு மாட்டி இலக்கண வகுப்புக்கு அனுப்புறாரு பாருங்க," என்று அவன் சொல்லும்போதெல்லாம் கூட்டம் சிரிக்கும். நான் ஓய்வுபெற்ற இலக்கண ஆசிரியர். நேடின் அவன் கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்பாள். என் கறியைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. எது யாருடையது என்றே அவளுக்குத் தெரியாது என எண்ணியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகலில் வாடைக்காற்று கடுமையாக வீசியது. மறுநாளுக்கான கறி முற்றத்தில் புதிய அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. நேடின் தேவாலயப் பாடகர் குழுவின் பயிற்சிக்குப் போயிருந்தாள். ராய்ஸ் கால்பந்தாட்டம் பார்த்து, பீர் குடித்து, கண்ணாடி அறையின் சோபாவிலேயே உறங்கிவிட்டான். குளிருக்கு அஞ்சி அடுப்பைத் தானே உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டான் என்று மற்றவர்கள் நினைக்க வேண்டும். இப்பக்கத்தில் குளிர்காலத்தில் யாராவது அப்படிச் செய்து, மூடிய அறையில் கரிக்கனலின் நச்சுவாயு ஏறித் தூக்கத்திலேயே இறக்கிறார்கள், செய்தித்தாளில் வருகிறது. எனவே கறி அவன் சுற்றியதுபோல் இருப்பது அவசியம். அவனுடைய அலுமினியச் சுருளைக் கையில் எடுக்கவும் செய்தேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நல்ல கறியைப் பாழாக்க எனக்கு மனம் வரவில்லை.

கையுறை அணிந்து அடுப்பைத் தூக்கினேன். கடைக்காரர் சொன்னது சரிதான், கனமில்லை. அதைச் சோபாவின் அருகே இறக்கியபோது ராய்ஸ் அரைக்கண் திறந்தான்.

"கறி ஆயிடுச்சாண்ணே?"

"இன்னும் இல்லடா, தூங்கு."

அவன் தூங்கினான். நான் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போய், பாத்திரங்களைக் கழுவினேன்.

அவனை எடுத்துச் சென்றபோது கன்னங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. நன்றாகப் புகை பிடித்த கறியின் மேல்தோலுக்கு அடியில் தெரியும் அதே நிறம். உங்கள் ஆட்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். விபத்து என்றே எழுதிக்கொண்டார்கள். அடுப்பை முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். கறியை எடுத்து எறிவதற்காக நேடின்தான் மூடியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இது பேப்பர்," என்றாள்.

"ஆமாம்."

"ராய்ஸ் பேப்பரைத் தொடவே மாட்டான். நீதான் இப்படிச் சுத்துவ, ஹார்லன். ஓரத்தை உள்ள மடிச்சு, கடுதாசி உறை மாதிரி."

அடுத்து அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள். அதற்காக அவள்மீது எனக்கு வருத்தமில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் ஓரம் மடிக்கும் விதத்தை அவள் கவனித்து வந்திருக்கிறாள். இதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் வேண்டும். 'அடுப்பு அறைக்குள் இருந்தது, தம்பி இறந்தார்' என்று தட்டச்சு செய்திருக்கிறீர்கள். இரண்டும் செயப்படுபொருள் குன்றிய வினைகள்; இரண்டிலும் நான் எங்கும் இல்லை. 'அடுப்பை வைத்தேன், தம்பியைக் கொன்றேன்' என்று மாற்றுங்கள். கையொப்பம் இடுகிறேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நேடின் தன் அக்காள் வீட்டில் இருக்கிறாள். இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. கோபம் தணிந்ததும் வருவாள். வழக்கு முடிந்ததும் புகையடுப்பை அவளிடமே ஒப்படைத்துவிடுங்கள். மழையில் விடவேண்டாம் என்று சொல்லுங்கள்; அந்தத் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேறு வாங்க வேண்டியதில்லை. எங்கள் இரண்டு பேருக்கு அது போதும்.