முழுப் பதிப்பில் பார்க்கலாம்

தேநீரில் ஆடை படிந்துவிட்டால் என்னால் குடிக்க முடியாது. தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கோப்பையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தால் போதும், அதைப் பார்க்காமல் பேசிவிடுவேன்.

நீங்கள் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. செய்தியில் 'அலுவலகத்தில் இருந்த ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டார்கள். நான் கவனக்குறைவான ஆள் இல்லை. என்னைப் பிடிக்காதவர்கள்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். எழுதுவதென்றால் சரியாக எழுதட்டும் என்றுதான் வந்தேன்.

என் அக்காவின் கணவர் நடத்தும் கம்பெனி அது. அத்தானும் இன்னும் சிலரும் சேர்ந்து கணினியில் ஆடும் விண்வெளி விளையாட்டு ஒன்றைச் செய்தார்கள். அதில் ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. பாறையைத் தோண்டி இரும்பு எடுக்கலாம், அந்த இரும்பில் கப்பல் கட்டலாம், கப்பலை ஓட்டிப் போய் வேறொரு பாறையில் குடியிருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேலை முடிவதற்கு முன்பே அதை விற்கவும் ஆரம்பித்தோம். பாதி கட்டிய வீட்டில் ஆளைக் குடிவைப்பது மாதிரி. பூச்சு உதிர்ந்தால் சொல்லுங்கள், சரிசெய்துகொண்டே கட்டுகிறோம் என்பது பேச்சு. அதற்கு முன்னோட்டப் பதிப்பு என்று பெயர். எல்லாம் முடிந்ததும் முழுப் பதிப்பு வரும்.

என் வேலை, ஆடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது.

அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருவனுக்குக் கிரகங்களில் மழை பெய்ய வேண்டும். ஒருத்திக்குக் கப்பலில் வளர்க்கப் பூனை வேண்டும். இன்னொருவன், கப்பலின் கழிப்பறையில் தண்ணீர் சுழன்று இறங்க வேண்டும் என்று வாரம் தவறாமல் எழுதுவான், படமும் வரைந்து அனுப்புவான். எழுதச் சோம்பல்பட்டவர்கள் குரலில் பதிவு செய்து அனுப்புவார்கள். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். பல்லில் அரைபடுவதும் எச்சில் புரள்வதும் என் காதுக்குள்ளேயே கேட்கும். ஒரு நாள் முழுக்க அதைக் கேட்டுவிட்டு வீட்டில் என்னால் சாப்பிட முடியாது.

எல்லோருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். 'முழுப் பதிப்பில் பார்க்கலாம்.' அதில் பொய் எதுவும் இல்லை. வீட்டுக்கு வாங்க என்று சொந்தக்காரர் கூப்பிட்டால் பார்க்கலாம் என்கிறோமே, அதே பார்க்கலாம்தான். பாம்பும் சாகக்கூடாது, கம்பும் உடையக்கூடாது. ஆனால் அவர்களோ அதை அப்படியே சத்தியமாக எடுத்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு மனதில் ஒரு முழுப் பதிப்பைக் கட்டிக்கொண்டு அதன் வாசலில் எச்சில் ஒழுக நின்றார்கள். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அவர்களில் ஒருவனை நாங்கள் கப்பல்காரன் என்போம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அவனும் அவன் அண்ணனும் சேர்ந்து விளையாட்டுக்குள் பெரிய கப்பல் ஒன்று கட்டியிருந்தார்கள். பிறகு அண்ணன் நோயில் செத்துப்போனான். அதன் பின் இவன் எதையும் புதிதாகக் கட்டவில்லை. வேலை முடிந்து வந்து கப்பலுக்குள் நின்றுகொண்டிருப்பான், அவ்வளவுதான். முழுப் பதிப்பு வந்தால் கப்பல் இருக்குமா என்று கேட்டு எழுதினான். ஒரு திருகாணிகூடக் காணாமல் போகாது என்று எழுதினேன். நான் இளகிய மனசுக்காரன் என்பதால் அவனிடம் மட்டும் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

முழுப் பதிப்பு வெளியாவதற்கு முந்தின வாரம் எறும்பு என் மேசைக்கு வந்தாள். அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். சிறிய உருவம், ஓயாத வேலை. நிரல் எழுதுகிறவர்களில் மூத்தவள் அவள்தான்.

"அண்ணே, பழைய உலகம் எதுவும் புதுசுல திறக்காது. எல்லாத்தையும் மாத்திட்டோம். இப்பவே அறிவிப்பு போட்டுடுங்க. அவங்கவங்க கட்டினதை ஒரு பிரதி எடுத்து வச்சுக்கட்டும்."

"திட்டுவாங்களேம்மா."

"முன்னாடியே சொன்னா திட்டோட போயிடும்ணே. சொல்லாம விட்டா மனசு வெறுத்துடுவாங்க."

அறிவிப்பை எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் வெளியிடவில்லை. அன்று காலை ஒருவன்கூட என்னைத் திட்டி எழுதியிருக்கவில்லை, எல்லோரும் ஆசையாக இருந்தார்கள். அந்த நல்ல நாளைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாளும் நல்ல நாளாகவே இருந்தது. அப்படியே போய்விட்டது.

வெளியான அன்று வந்ததையெல்லாம் உங்கள் முன்னால் சொல்ல வாய் கூசுகிறது. மழை எங்கே, பூனை எங்கே என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். என் வீடு எங்கே, என் நகரம் எங்கே என்று கேட்டவர்கள் மிச்சம் அத்தனை பேரும். என் தாயை, என் பிறப்பை, என் உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் எழுதினார்கள். சாக்கடை மூடியைத் திறந்து வைத்துவிட்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. திரையைத் துணியால் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

அத்தான் அறைக்குக் கூப்பிட்டார்.

"அறிவிப்பு போட்டியா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"எனக்கு யாருமே சொல்லலையே அத்தான். எறும்பு கடைசி நேரத்துல என்ன பண்ணினாளோ."

அவர் என்னை நம்பினார். அக்கா முகத்துக்காக நம்பினாரோ என்னவோ. அவளைத் திட்டவும் இல்லை. "சரி, ஆகவேண்டியதைப் பார்ப்போம்" என்றார். அவர் சுபாவம் அப்படி.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. அன்று சாயங்காலம் வேறொரு பெயரில் ஆடுகிறவர்களின் குழுவுக்குள் போய், ஒரு நிரல்காரிதான் வேலை மிச்சம் என்று எல்லாருடைய உலகத்தையும் அழித்தாள், அழித்துவிட்டுச் சிரித்தாள் என்று எழுதினேன். அவள் பெயரோடு படத்தையும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் என் அஞ்சல்பெட்டி சுத்தமாகிவிட்டது. மொய்த்த ஈயெல்லாம் எழுந்து பக்கத்து இலைக்குப் போனதுபோல. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டொரு நாளில் அவள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பாராட்டுப் பரிசு என்று நினைத்தாளோ என்னவோ, ஆசையாகத்தான் பிரித்தாள். உள்ளே செத்த எலி, புழு வைத்தது. அவள் அந்த மேசையிலேயே வாந்தி எடுத்தாள். எனக்கு எலிகூடப் பெரிதாகப் படவில்லை. மனுஷ வாந்தியின் நாற்றத்தைத்தான் தாங்க முடிவதில்லை. அன்று முழுக்க வெளி வராந்தாவில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

அவள் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. எங்கள் சர்வரில் பழைய உலகங்களின் பிரதி ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் புதியதற்குள் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தாள். அதை முடித்த அன்று நேராக என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

"வந்துடுச்சுண்ணே. எல்லாமே வந்துடுச்சு. மத்தியானம் ஒரு தடவை சோதிச்சுட்டு விட்டுடுறேன். நீங்க முதல்ல கப்பல்காரருக்குச் சொல்லிடுங்க. அவங்க அண்ணன் கப்பலுக்குள்ள நானே போய்ப் பார்த்தேன். விளக்கெல்லாம் எரியுது."

"சொல்லிடுறேம்மா."

அவள் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, அறிவிப்பை எழுதி வச்சுட்டுப் போடாமலே விட்டிருக்கீங்க. தேடும்போது கண்ணுல பட்டுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை. சாயங்காலத்துக்குள்ள நீங்களே சார்கிட்ட சொல்லிடுங்க. நீங்களா சொன்னா மதிப்பா இருக்கும்."

இதைவிட மரியாதையாக ஒரு மனுஷியால் பேச முடியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள்மேல் எனக்குத் துளிக் கோபமும் கிடையாது.

மத்தியானம் அத்தான் எல்லோரையும் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார். சோர்ந்துபோயிருந்தவர்களைத் தேற்ற வேண்டுமே. எறும்பு சோதனை பாக்கி என்று தங்கிவிட்டாள். தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டும் என்று நான் இருந்தேன்.

அப்போதுதான் கப்பல்காரன் வந்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையைக் குவித்து உள்ளே பார்த்தான். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கதவைத் திறந்ததும், ஈரத்துணியைப் பையில் அடைத்து மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. நகங்களுக்குள் கருப்பு மசகு. உதட்டின் ஓரத்தில் காய்ந்த வெள்ளை. நாற்காலியில் உட்கார்ந்து பையைத் தரையில் வைத்தபோது இரும்பும் இரும்பும் இடித்துக்கொண்டன. பேச்சு மட்டும் அடக்கமாக இருந்தது.

"சார், நீங்கதானே எனக்குப் பதில் எழுதுறவரு? ஒரு திருகாணிகூடப் போகாதுன்னீங்க."

"நான்தான்."

"உங்கமேல கோபம் இல்ல சார். உங்களுக்கு மேல இருக்கறவங்க பண்ணினதுக்கு நீங்க என்ன செய்வீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். குழுவுல படம் போட்டாங்களே, அந்தப் பொண்ணா அழிச்சது?"

இந்த இடத்தில் நீங்கள் நிறுத்திக் கேட்பீர்கள் என்று தெரியும். உன் கப்பல் இருக்கிறது, விளக்குகூட எரிகிறது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். அழித்தவர் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று அவன் எழுதி அனுப்பியதெல்லாம் நான் படித்ததுதானே. படிப்பது என் வேலை. பையில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கும், "வேலைச் சாமான் சார்" என்று மறைக்காமல்தான் சொன்னான். சாயங்காலம் நான் அத்தான் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. அக்காவும் அங்கே இருப்பாள். அதையும் யோசித்துப் பார்த்தேன்.

"அந்த நடைவழியில கடைசி அறை" என்றேன். "தட்ட வேண்டாம். காதுல ஹெட்ஃபோன் மாட்டியிருப்பா, கேட்காது."

"ரொம்ப நன்றி சார்" என்றான். நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் உள்ளே போனதும் நடைவழிக் கதவைச் சாத்திப் பூட்டினேன். அந்தக் கைப்பிடியைத் துடைத்ததைப் பற்றி உங்கள் ஆட்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். தடயத்தை அழிக்க இல்லை. அவன் கைப்பிசுக்கு அதில் ஒட்டியிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

அவள் ஒரு தடவை அண்ணே என்று கூப்பிட்டாள். அது கேட்டது. மற்றது அவ்வளவாகக் கேட்கவில்லை, தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தேன், தண்ணீர்ச் சத்தம். எல்லாம் அடங்கிய பிறகு போய்க் கதவைத் திறந்தேன். அந்த அறையின் வாடையை நான் வர்ணிக்கப் போவதில்லை. உங்கள் ஆட்கள் படம் எடுத்திருக்கிறார்கள்.

அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் திரையில் அவன் கப்பல் திறந்திருந்தது. சோதனைக்கு அதைத்தான் எடுத்திருக்கிறாள். சன்னல் சன்னலாக மஞ்சள் விளக்கு எரிந்தது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இது இருக்கே சார்" என்றான். "இருக்கே. இருக்குன்னு ஏன் சார் யாரும் சொல்லலை?"

அவன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அவள் செய்துவைத்திருந்த வழியை நான்தான் வெளியிட்டேன். ஒரு சின்ன அறிவிப்பும் எழுதினேன். உங்கள் உலகங்களை மீட்டுத் தந்தவள் இன்று நம்மிடையே இல்லை என்று. நன்றாகவே வந்திருந்தது. மழை கேட்டவன், பூனை கேட்டவள், எலி அனுப்பியவன்கூட இருந்திருப்பான், எல்லோரும் வந்து அழுதார்கள். ஒரு கிரகம் முழுக்க அவளுக்கு விளக்கேற்றி வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது அவளை ஒருத்தர் பாராட்டி நான் பார்த்ததில்லை. அந்தப் பேர் அவளுக்கு என்னால் கிடைத்தது. அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.