விளக்கை மட்டும் அணைச்சுக் குடுக்கணுமாம்

மொதல்ல பானெட்லேர்ந்து கைய எடுங்க சார். முடியாதுன்னா முடியாதுதான். இஞ்சினப் பாருன்னா பாக்கறேன். டேஷ்போர்டுல எரியற இஞ்சின் விளக்க மட்டும் அணைச்சுக் குடுன்னா, கோச்சபம்பாவுல எத்தனையோ ஒர்க்‌ஷாப் இருக்கு, தாராளமாப் போங்க.

என்னது, சாயங்காலம் வண்டி வாங்குறவங்க வராங்களா? வரட்டுமே. மூணாவது சிலிண்டர் சரியா அடிக்கல, அதான் விளக்கு எரியுதுன்னு சொல்லுங்க. சொல்லமாட்டீங்க. எங்கிட்ட வந்து அதட்டத்தான் வாய் வருது.

சின்ன விளக்குதானேங்கற பேச்செல்லாம் வேணாம். இந்த எடத்துல நின்னு ஒருத்தன் அதையேதான் சொன்னான். ஜப்பான்லேர்ந்து வந்த பழைய வேன், ஸ்டீரிங்க இடப்பக்கம் மாத்திப் பூட்டுனது. இஞ்சின் நெனச்சா ஓடும், நெனச்சா நிக்கும். அவனும் விக்கத்தான் போனான். டேஷ்போர்டப் பிரிச்சுப் பல்பக் கழட்டியாச்சு. பத்து நிமிஷ வேல.

அத வாங்குனது அபுந்தியோ. என் மூத்த மவளுக்கு ஞானத்தகப்பன். உருளக்கெழங்கு ஏத்திக்கிட்டு சப்பாரே மலை இறக்கத்துல போறான், நல்ல பனி. வளைவுல இஞ்சின் நின்னுடுச்சு. அப்ப என்னாகும்னு தெரியுமா ஒங்களுக்கு? பிரேக்கு ரெண்டு மிதிக்குக் கேக்கும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். மூணாம் நாள்தான் பள்ளத்துலேர்ந்து அவன மேல தூக்கியாந்தாங்க.

கவனிச்சு வாங்கியிருக்கணுமா? நல்லாச் சொன்னீங்க. கவனிச்சான் சார். ஒங்கள மாதிரி படிச்சவன் இல்ல, ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட ஓட்டிட்டுப் போய்க் காட்டுனான். சாவியத் திருப்புனதும் அந்த விளக்கு ஒரு தடவ எரிஞ்சு அணையணும். எரியவே இல்லேன்னா பல்பு இல்லேன்னு அர்த்தம். வாங்குறவனுக்குத் தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரியும். அவன் பாத்துட்டு, ஒரு கொறையும் இல்ல, எடுத்துக்கன்னுட்டான்.

அந்த மெக்கானிக் யாரா? காசிமிரோ, நீ சரின்னா நான் வாங்கிக்கறேன்னு எம்மூஞ்சியப் பாத்துக் கேட்டான் சார். அன்னிக்குக் காலைல அந்தப் பல்பக் கழட்டுன கை இது. அத எப்படிச் சொல்றது? ஊர்ல எம்பேரு என்னாகும்? எடுத்துக்கன்னுட்டேன்.

சரி, வண்டிய எடுங்க, வழிய மறிச்சு நிக்குது. மணி பன்னெண்டாச்சு. அபுந்தியோ சம்சாரம் வரும். புருஷன் போனதுலேர்ந்து இந்தத் தெருவுக்கெல்லாம் அதுதான் சாப்பாடு கொண்டாந்து விக்குது. கடல சூப்புல எனக்கு மட்டும் ஒரு துண்டு கறி கூடப் போடும், அவரோட சிநேகிதராச்சேன்னு. அது முன்னால இந்தப் பல்புப் பேச்சு வேணாம்.